கால்சாவில் கூப்பிட்ட பெயர்

பலெர்மோவைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளுக்கு இங்கே அரசாங்க அனுமதி வேண்டும். அதற்குப் படிக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதனால் நான் கொடி பிடிப்பதில்லை, குடையை உயர்த்துவதில்லை, கூட்டத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டுவதுமில்லை. பாரிசிலிருந்தும் சுவிசிலிருந்தும் இந்த ஊர்ப் புனிதையின் மலைக்கோயிலுக்கு நேர்த்தி வைத்து வரும் எங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு அவர்களில் ஒருவனாக நடப்பேன். யாராவது கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள் என்று முதலிலேயே சொல்லிவைப்பேன். அப்படிப் பார்த்தால் ஐரோப்பா முழுக்க எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். போனபிறகு ஒருவரும் கதைப்பதில்லை.

நான் சொல்லும் சரித்திரம் எல்லாம் உண்மையான வழிகாட்டிகளின் கூட்டங்களுக்குப் பின்னால் நின்று பொறுக்கியது. பாதி பிழையாக இருக்கலாம். எந்த அரசன் எந்த அரசனைத் துரத்தினான் என்பது எனக்குக் குழம்பும். எந்த ஒழுங்கையில் வெயில் படாது, எந்தக் கடைக்காரன் ஒன்றும் வாங்காமலே கழிப்பறைக்குப் போக விடுவான் என்பதில் பிழை வராது. வருகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

மன்னாரில் பிறந்தவன் நான். கப்பலிலும் லொறியிலும் கால்நடையாகவும் வந்து இத்தாலியில் ஏறினேன். ஃபோஜாவில் தக்காளி பிடுங்கினேன். விட்டோரியாவில் பொலித்தீன் கூடாரத்துக்குள் கத்தரிக்காய் பிடுங்கினேன். ரோமில் ஒரு மாரிகாலம் ரயில் நிலையத்தில் படுத்தேன். எங்கேயும் நான் நிலைத்ததில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் கிளம்பிவிடுவேன். பலெர்மோவில் மட்டும் கொஞ்சம் கூட நாள் நின்றுவிட்டேன். காலையில் ஒரு கட்டடத்துப் படி கழுவுகிறேன். மிச்ச நேரத்தில் இந்த நடை.

அந்தப் புருசனும் பெண்சாதியும் ஒக்டோபர் முடிகிற நேரம் பாரிசிலிருந்து வந்தார்கள். மலைக்கோயிலுக்கு முதல்நாளே போய்விட்டார்களாம். ஊரை மட்டும் காட்டச் சொன்னார்கள். அவர் உயரமாக, வயிறு வைத்து, தோளில் கமராவோடு இருந்தார். அவரை அண்ணை என்றேன். அந்த அம்மாவை அக்கா என்றேன்.

வழக்கம்போல, மூலைக்கு மூலை சிலைகள் அடுக்கிய நாலு மூலைச் சந்தியில் தொடங்கினேன்.

"கீழை நாலு பருவகாலம், நடுவிலை நாலு அரசர், மேலை இந்த ஊர்ப் புனிதையள் நாலு பேர்" என்றேன்.

அண்ணை அண்ணாந்து பார்த்தார். "எங்கடை ஊர்ச் சந்தியிலையும் நாலு மூலை இருக்குத் தம்பி. ஒண்டிலை சாராயக்கடை, ஒண்டிலை ஆமி. மிச்சம் ரெண்டிலையும் நாய்."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் சிலைகளைப் பார்க்கவே இல்லை. தெருவால் போகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் நிறத்தில் ஓர் ஆள் சைக்கிளில் போனால் அது திரும்பி மறையுமட்டும் அவருடைய கண் அதன் பின்னால் போனது. எனக்கு அப்போதே ஏதோ இருக்கிறது என்று பட்டது. கேட்கவில்லை. இங்கே வருகிற ஆட்களில் பாதிப் பேர் ஏதோவொன்றைத் தேடித்தான் வருகிறார்கள்.

அங்கிருந்து அல்பெர்கேரியா ஒழுங்கைகளுக்குள் இறங்கி பல்லரோ சந்தைக்குப் போனோம். ஆத்துமாக்கள் திருநாள் நெருங்கியதால் கடைகளில் சீனிப் பொம்மைகள் அடுக்கியிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பூசிய குதிரைவீரர், நடனக்காரிகள்.

"இஞ்சை செத்த ஆக்கள் அண்டைக்கு இரவு வந்து, வீட்டுப் பிள்ளையளுக்கு இதுகளை வைச்சிட்டுப் போவினமாம்" என்று சொன்னேன்.

அக்கா ஒரு பொம்மையைக் கையில் எடுத்தார். பிறகு கடைக்காரனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தார்.

"தம்பி, நாங்கள் ஊர் பாக்க வரேல்லை" என்றார்.

"நான் ஊர் பாக்கத்தான் வந்தனான்" என்றார் அண்ணை, மெதுவாக.

அந்தக் கடையோரத்தில் நின்றபடியே அக்கா சொன்னார். அவருக்கு ஒரு தம்பி. சண்டை முடிந்த கையோடு வெளிக்கிட்டவன். பலெர்மோவுக்கு வந்துவிட்டேன் என்று வீட்டுக்குக் கதைத்திருக்கிறான். "கடலுக்குக் கிட்ட ஒரு கிழவி வீட்டிலை நிக்கிறன், நல்ல மனிசி" என்று சொல்லியிருக்கிறான். கொஞ்சக் காலம் அப்படிக் கதைத்தான். பிறகு நின்றுவிட்டது. எடுத்தால் அந்த எண் வேலை செய்யவில்லை. யாரும் அவனைப் பார்த்ததாகச் சொல்லவுமில்லை, பார்க்கவில்லை என்று உறுதியாகச் சொல்லவுமில்லை.

"அப்பா மன்னாரிலை ஒவ்வொரு வருசமும் செத்த ஆக்களின்ரை பூசைக்கு இவன்ரை பேரையும் குடுக்கவேணும் எண்டு நிக்கிறார். அம்மா விடுறா இல்லை. அவ உயிரோடை இருக்கிற ஆளுக்குக் குடுக்கிற மாதிரி இவன்ரை சுகத்துக்கெண்டு பூசை குடுக்கிறா. ரெண்டு பேரும் இதாலை கதைக்கிறேல்லை. இந்த முறை அம்மாவுக்கு ஏலாது. படுக்கையிலை கிடக்கிறா. 'நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு, நான் எந்தப் பூசையைக் குடுக்கிறதெண்டு' எண்டு கேட்டவ."

"மாமா செத்த ஆக்களின்ரை பூசைக்குக் குடுத்தால் ஒருக்காப் போதும். மாமி ஒவ்வொரு வருசமும் எல்லோ குடுக்கவேணும்" என்றார் அண்ணை. சிரிக்க வைக்கச் சொன்னதுதான். சொன்னபிறகு அவரே கமராவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

பலெர்மோவில் எத்தனையோ கிழவிகள், கடலுக்குக் கிட்ட எத்தனையோ வீடுகள். ஆனால் அக்காவிடம் வேறொரு துப்பு இருந்தது. அவர்களுடைய ஊர் ஆள் ஒருவர் போன வருடம் மலைக்கோயிலுக்கு வந்தபோது கடலோரத்துக் கால்சாப் பக்கம் நடந்திருக்கிறார். ஒரு மேல்மாடியில் கிழவி ஒருத்தி இந்தத் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதையும், உள்ளேயிருந்து ஒரு தமிழ்க் குரல் பதில் சொன்னதையும் கேட்டிருக்கிறார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று நிற்காமல் போய்விட்டாராம்.

அக்கா அந்தப் பெயரைச் சொன்னார். எங்கள் ஆட்களில் எல்லாருக்கும் வைக்கும் பெயர் அல்ல அது. அது எனக்குத் தெரிந்த பெயர். கால்சாவில் நான் ஆட்களை நிறுத்தி மூச்செடுக்க விடும் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அதைப் பார்த்த வீட்டின் மேல்மாடியிலிருந்து ஒரு சிஞ்ஞோரா, வீட்டுக்கார இத்தாலியக் கிழவி, அந்தப் பெயரைத்தான் நீட்டிக் கூப்பிடுவார். ஒரு கை வெளியே வந்து கயிற்றில் கூடையை இறக்கும். கீழே பாண்காரன் அன்றைக்குச் சுட்ட பாணை வைப்பான். கூடை மேலே போகும். அந்தக் கைக்குரியவனை நான் சரியாகப் பார்த்ததில்லை.

"அந்த வீடு எனக்குத் தெரியும், அக்கா."

அவர் என் கையைப் பிடித்தார். பிடித்ததை உணர்ந்ததும் விட்டார்.

"அப்ப நேரை அங்கை போவம்" என்றார் அண்ணை.

"வேண்டாம்" என்றார் அக்கா. "நீங்கள் எல்லாருக்கும் காட்டுறமாதிரி முறையாய்க் காட்டிக்கொண்டு போங்கோ தம்பி. அது கடைசியாய் வரட்டும்."

நானும் முறையாய்க் காட்டினேன். இவ்வளவு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன், அன்றைக்குப்போல என் கதையை யாரும் கவனித்துக் கேட்டதில்லை. கொள்ளைநோய் வந்த காலத்தில் மலைக் குகையிலிருந்து ஒரு புனிதையின் எலும்புகளை எடுத்து இந்தத் தெருக்களால் சுற்றிக்கொண்டு வந்தார்கள் என்றேன். "எந்தத் தெரு? இதுவோ?" என்று அக்கா கேட்டார். ஒரு மீன்கடைக்கு முன்னால், "இஞ்சை எங்கடை ஆக்கள் வாறவையோ?" என்றார். வருவார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவார்கள். அவர் அந்த மீன்கடையையே ஒரு கோயிலைப் போலப் பார்த்தார். வுச்சீரியாச் சந்தையில் ஒரு நீரூற்றின் அருகே நின்று தண்ணீரைத் தொட்டார். தம்பி தொட்டிருக்கக்கூடிய எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

கால்சாவுக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் மினுக்கித் திருத்திய மாளிகைகள், மறுபக்கம் போன உலகப் போரில் குண்டு விழுந்து இன்னும் கட்டாத சுவர்கள். கூரை இல்லாத அறைக்குள் அத்திமரம் நிற்கும். வெளிநாட்டுக்காரர் அதைத்தான் அதிகம் படம் எடுப்பார்கள்.

"இதைப் பாக்கவோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்றார் அண்ணை. "எங்கடை ஊரிலை இதைவிட வடிவாய் இடிச்சு வைச்சிருக்கிறாங்கள். ஒருதனும் ரிக்கெற் எடுத்து வந்து பாக்கிறானில்லை."

அக்கா முதல்தடவையாகச் சிரித்தார். சிரித்த கையோடு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"அடுத்த வளைவு."

அவர் நின்று முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். கைப்பையைத் திறந்து, தலைமயிரை ஒருமுறை சீவினார். அண்ணை அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

சதுக்கத்தில் வாங்கு ஒன்று இருக்கிறது. அதில் இருவரையும் இருத்தினேன். மேல்மாடி யன்னல் திறந்திருந்தது. காய்கிற துணி காற்றில் ஆடியது. அழைப்பு மணியை அடிக்கலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். கூப்பிடட்டும், கேட்கவேண்டும் என்றார். இருந்தோம். பாண்காரன் தன் மூன்றுசில்லு வண்டியில் வந்து ஹோர்ன் அடித்தான்.

மேலே சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. பெயர். கடைசி எழுத்தை நீட்டி, இன்னொரு தரமும்.

அக்கா எழுந்துவிட்டார். உள்ளேயிருந்து "வெங்கோ, சிஞ்ஞோரா" என்று பதில் வந்தது. வருகிறேன் என்று அர்த்தம். தமிழ் நாக்கு என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது. கை வந்தது, கூடை வந்தது. கூடையை இறக்க அந்த ஆள் குனிந்தபோது முகம் வந்தது.

வழுக்கை விழுந்த, மீசை வைத்த முகம். அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். வருடங்கள் ஒரு முகத்தை எவ்வளவு மாற்றலாமோ அவ்வளவையும் அவர் மனதுக்குள் மாற்றிப் பார்த்திருப்பார். அதன்பிறகு உட்கார்ந்தார்.

"அவன் இல்லை" என்றார்.

நான் மேலே பார்த்து, "அண்ணை, ஒருக்காக் கீழை வாறீங்களோ?" என்று கூப்பிட்டேன். அந்த மனிதர் பயந்துவிட்டார். தமிழில் யாராவது கூப்பிட்டால் ஊரில் சாவு என்றுதான் முதலில் நினைப்போம். குப்பைப் பையைச் சாட்டாகத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

நான் விசயத்தைச் சொன்னேன். அக்கா தொலைபேசியில் படத்தைக் காட்டினார். அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இவரை நான் கண்டதில்லை, அக்கா. அது என்ரை பேரும் இல்லை. நான் இந்த வீட்டிலை மூண்டாவது ஆள்."

அவர் சொல்லி முடிக்குமுன் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டு வேலையை விட்டுப் போகும்போது அதை வெறுமனே விடுவதில்லை. இன்னொருவரைக் கொண்டுவந்து, ஒரு கிழமை கூட நின்று பழக்கி, கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போவோம். வீட்டுக்காரிக்கு வேலை நின்றுவிடக் கூடாது, எங்களுக்கு அந்த வீடு கைவிட்டுப் போகக் கூடாது. எங்கள் பெயர்களைப் படிக்க சிஞ்ஞோராமார் மினைக்கெடுவதில்லை. முதலாவது ஆளின் பெயரைக் கஷ்டப்பட்டுப் படித்துவிட்டால் அதையே பின்னால் வருகிற எல்லாருக்கும் வைப்பார்கள். நான் படி கழுவும் கட்டடத்தில் என்னை எவனோ ஒரு நீர்கொழும்புக்காரனின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். கோபம் வருவதில்லை. பெயர் வேலையோடு வருகிறது, விளக்குமாறு வருகிற மாதிரி.

"அப்ப முதல் ஆள்?" என்று கேட்டார் அக்கா.

"அவர்தான் உங்கடை தம்பியாய் இருக்கவேணும். அவர் எனக்கு முன்னம் நிண்டவரிட்டை வேலையைக் குடுத்திட்டு, வடக்காலை போய் லண்டனுக்கு லொறி ஏறப்போறன் எண்டு போனவராம். பிறகு ஒரு கதையும் இல்லையாம்."

"அந்த முன்னம் நிண்டவர் எங்கை? அவரோடை கதைக்கலாமோ?"

அவர் என்னைப் பார்த்தார். "அவர் நெஞ்சுவருத்தத்திலை செத்திட்டார் அக்கா. இஞ்சைதான் தாட்டது. அதுக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டவை."

மேலே சிஞ்ஞோரா மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது ஆள், "மேலை வாங்கோ. அவவோடை கதைச்சுப் பாருங்கோ. அவவுக்குக் கண் தெரியாது, ஆனால் நல்லாய்க் கதைப்பா" என்றார்.

மின்தூக்கி இல்லாத வீடு. படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. அக்கா ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்செடுத்தார். சிஞ்ஞோரா ஒரு சாய்கதிரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். மிகவும் சிறிய உருவம். அந்தப் பெயரைச் சொல்லி, அவனுடைய அக்கா வந்திருக்கிறாள் என்று நான் இத்தாலியனில் சொன்னேன். முதலாவது ஆளின் அக்கா என்றுதான் சொல்ல நினைத்தேன். அந்த வீட்டில் அந்த மூன்று பேருக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

சிஞ்ஞோரா இரண்டு கையையும் நீட்டினார். அக்கா முழங்காலில் இருந்து கைகளைக் கொடுத்தார். "ஜெர்மனியில் இருப்பவளா?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"அது என்ரை அக்கா" என்றார் மூன்றாவது ஆள்.

அதன்பிறகு சிஞ்ஞோரா சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இவன் தங்கமான பிள்ளை. எத்தனையோ வருடமாக என்னோடு இருக்கிறான். என் பிள்ளைகள் மிலானோவில், இவன்தான் என் பக்கத்தில். உடுப்பு அழுத்தும்போது பாடுவான்.

அக்கா திரும்பி மூன்றாவது ஆளைப் பார்த்தார். "அது நான், அக்கா. பாட்டெண்டில்லை. ரேடியோவோடை முணுமுணுப்பன்."

ஒருமுறை தண்ணீர்ப் போத்தல்களோடு படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான் என்றார் சிஞ்ஞோரா. "அது செத்துப்போனவர். அவர் என்ரை அறையிலை இருந்தவர், அந்தத் தழும்பை நான் கண்டிருக்கிறன்." தகப்பன் செத்த செய்தி வந்த அன்று குசினியில் இருந்து அழுதான். நான் என் பாதிரியாரைக் கூப்பிட்டு அவருக்காகப் பூசை வைத்தேன். "அது என்ரை அப்பா."

அக்கா ஒவ்வொன்றுக்கும் திரும்பினார். ஒவ்வொன்றும் வேறு யாருடையதோ. சிஞ்ஞோராவுக்குக் களைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, வந்த புதிதில் இவன் மேசையில் இருக்கமாட்டான் என்றார். எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டான். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலடியில் நின்றுதான் சாப்பிடுவான்.

"அவன் வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றார் அக்கா உடனே. "யன்னலடியிலை நிண்டுதான் சாப்பிடுவான். அம்மா பேசுவா."

மூன்றாவது ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நானும் முதலிலை அப்பிடித்தான் அக்கா" என்றார். "அந்நிய வீட்டு மேசையிலை ஆர் உடனை இருக்கிறது?"

அது உண்மை. நானும் அப்படித்தான் தின்றிருக்கிறேன், எத்தனையோ வீடுகளில்.

அக்கா எழுந்தார். சிஞ்ஞோராவின் நெற்றியில் கொஞ்சினார். யன்னல் பக்கம் போய் ஒருதரம் வெளியே பார்த்தார். சதுக்கம், பாண்காரனின் வண்டி, எதிர் வீட்டுச் சுவர். வேறொன்றும் தெரியாது அங்கிருந்து.

வாசல்வரை வந்த மூன்றாவது ஆளுக்கு மனம் பொறுக்கவில்லை. "உங்களுக்குக் கஷ்டமாய் இருந்தால், நான் அவவுக்கு என்ரை பேரைச் சொல்லிப் பழக்கிறன், அக்கா."

"வேண்டாம்" என்றார் அக்கா. "கூப்பிடட்டும். வீட்டிலை அந்தப் பேரை இப்ப ஒருதரும் வாய்விட்டுச் சொல்லுறேல்லை."

கீழே இறங்கிச் சதுக்கத்தில் நின்றபோதே மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. தாய் அந்த நேரத்துக்காகப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். அக்கா எங்களைவிட்டு விலகிப் போய்க் கதைத்தார். அக்கா "தெரியாது அம்மா" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. ஒரு தரம் அல்ல, பல தரம், சத்தம் கூடாமல் குறையாமல். நான் எத்தனையோ பேரின் அழுகையைப் பார்த்திருக்கிறேன். அவர் அழாமல் அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

திரும்பி வந்ததும் அண்ணை கேட்டார்: "என்னவாம்?"

"எந்தப் பூசை எண்டு கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"போன வருசம் மாதிரியே குடுங்கோ எண்டு சொன்னன். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"மாமா?"

"அப்பா தன்ரைபாட்டிலை தன்ரையைக் குடுக்கட்டும். இனி நான் மறிக்கேல்லை."

அதாவது ஒரே ஆளுக்கு ஒரே கோயிலில் இரண்டு பூசை. கேட்ட எங்கள் இரண்டு பேருக்கும் அது விளங்கியது. அண்ணையிடம் இதற்கு ஒரு பகிடி இருக்கும் என்று நினைத்தேன். அவர் கமராவைக் கழற்றிப் பையில் வைத்தார்.

மிச்சத்தையும் காட்டச் சொன்னார்கள். மிச்சம் கடற்கரை மட்டும்தான். புல்வெளியைத் தாண்டிப் போய்க் கற்களுக்குப் பக்கத்தில் நின்றோம். வழக்கமாக அந்த இடத்தில் அரபுக்காரர் கப்பல்களில் வந்து இறங்கிய கதையைச் சொல்வேன். அன்று தொடங்கவில்லை.

"வடக்கு எந்தப் பக்கம் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

நான் கடலைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி கடலுக்குள் போன மாதிரி ஒரு பிழையான படம் அவர் மனதில் விழுந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

"ஆனால் அவர் கடலாலை போயிருக்கமாட்டார், அக்கா. மிலானோவுக்கு ரயிலிருக்கு" என்றேன்.

"ஓம்" என்றார். பார்வையை எடுக்கவில்லை.